கண்ணால் கண்டது

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நடக்காததை நடந்ததாகச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்சம் சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டால் சன்மானம்கூடக் கிடைக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். உண்மை என்பது ஏதோ ஊற வைத்த அரிசி மாதிரி, நம் இஷ்டப்படி அரைத்து இட்டிலியாகவோ தோசையாகவோ வார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டிருந்தது. என் எழுபத்து நான்காவது வயதில், ஒரு அந்நிய தேசத்தில், ஒரு இன்ஷ்யூரன்ஸ் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அப்படியில்லை என்று தெரிந்தது.

2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் மலேசியாவுக்குப் போயிருந்தேன். என் பெண் கிள்ளானில் குடியிருக்கிறாள். அதற்கு முந்திய டிசம்பர் மாதத்திலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே முப்பது நாள் வந்து போகலாம் என்று அந்த நாட்டார் சொல்லிவிட்டபடியால், "அப்பா, இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது" என்று அவள் டிக்கெட்டே வாங்கி அனுப்பிவிட்டாள். என் மனைவிக்கு முழங்கால் வலி. "நீங்கள் போய்விட்டு வாருங்கள், போன இடத்தில் சும்மா தொணதொணவென்று பேசிக்கொண்டிராதீர்கள்" என்று ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினாள். அவள் வாக்கைக் கேட்டிருக்கலாம்.

தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்கு அன்று ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம்தான். போய் இறங்கி, கிள்ளானுக்கு வந்து பார்த்தால், அதுவும் ஒரு தாம்பரமாகத்தான் இருக்கிறது. பெரிய பட்டணத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஊடே ஓட, எல்லோரும் எங்கேயோ போகிற வழியில் கொஞ்சம் நின்று போகிற ஊர். தெங்கு கிளானா சாலையில் நடந்தால் முறுக்கும் மல்லிகையும் பட்டுப் புடைவையும் வாழையிலைச் சாப்பாடும். காதில் விழுவது தமிழ். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைகால் புரியாமைதான் விபத்துக்குக் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாப்பிள்ளை காரை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து ஸீட்டில். பின்னால் என் பெண்ணும் பேரனும். மாப்பிள்ளை நம் குரோம்பேட்டைப் பையன்தான்; ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். ஆறு வருஷமாக அங்கே கார் ஓட்டுகிறார். சின்ன பெரோடுவா கார். ஒரு கீறல் கிடையாது. தண்ணீர் விட்டுக் கழுவுகிறபோதுகூடக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் கழுவுவார்.

ரோடோரத்தில் ஒரு பூக்கடை. வரிசையாக மாலைகள் தொங்குகின்றன. கீழே ஒரு பெண்மணி முக்காலியில் உட்கார்ந்து முழம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் உரக்கக் கூவினேன்: "மாப்பிள்ளை, அங்கே பாருங்க! அப்படியே நம்ம சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டு!"

அவர் பார்த்தார். மரியாதையுள்ள மனிதர், மாமனார் பார்க்கச் சொன்னால் பார்க்காமல் இருப்பாரா? ஒரு விநாடி, அல்லது அதிலும் பாதி. கார் இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கியது. 'டக்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான். இடது பக்கமாக வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் சாய்ந்து, அதை ஓட்டி வந்த பையன் நடைபாதை ஓரத்தில் கிடந்தான்.

பத்தொன்பது வயதிருக்கும். தமிழ்ப் பையன். சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வலது கால் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. நான் குனிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல அங்கிள்" என்றான். இன்றைக்கும் ராத்திரியில் சில சமயம் அந்தக் குரல் கேட்கிறது.

எதிர்க் கடையிலிருந்த மலாய்க்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு சீனப் பெண் 999க்கு டெலிபோன் செய்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இழுவை வண்டிக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வந்து, எங்கள் காரைத் தூக்கிப் போகத் தயாராகக் கொக்கியை எடுத்துவிட்டார். எமன்கூட இத்தனை சுறுசுறுப்பாக வரமாட்டான். "வேண்டாம், என் கம்பெனியே அனுப்பும்" என்று மாப்பிள்ளை அவரைத் திருப்பி அனுப்பினார். அங்கே அது ஒரு முக்கியமான ஜாக்கிரதையாம். முன்பின் தெரியாத இழுவை வண்டியில் காரை ஏற்றிவிட்டால், பிறகு அதை மீட்பதற்கு ஒரு தனி யுத்தம் நடத்த வேண்டுமாம். அதற்காகவே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு டெலிபோன் எண்ணை வைத்திருக்கின்றன.

நம் ஊராக இருந்தால், பெருங்களத்தூரிலோ பல்லாவரத்திலோ இது நடந்திருந்தால், பத்து நிமிஷத்தில் நடு ரோடிலேயே கோர்ட்டு கூடியிருக்கும். நீதிபதிகள் டீக்கடையிலிருந்து வந்திருப்பார்கள். "எவ்வளவு குடுக்கறே?" என்று தீர்ப்பும் ஆகியிருக்கும். கிள்ளானில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை நாலு பக்கமும் படம் எடுத்தார். இரண்டு வண்டிகளின் எண்களும் தெரிகிற மாதிரி, ரோடில் போட்டிருந்த வெள்ளைக் கோடு தெரிகிற மாதிரி. பிறகு போலீஸ் ஸ்டேஷன். 1987ஆம் வருஷத்து மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போலீஸில் அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கதவு திறக்காது.

மாப்பிள்ளை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஒரு போலீஸ்காரர் அதை மலாய் மொழியில் தட்டெழுதினார். 'இடது பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிள் திடீரென்று வந்தது' என்று மாப்பிள்ளை சொன்னார். நான் பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார்.

"மாமா, தப்பு நம்மளுதுன்னு நாமளா ஒத்துக்கக் கூடாது. பாலிசியிலேயே அப்படித்தான் போட்டிருக்கு. நம்ம ஊர்ப் பாலிசியிலயும் உண்டு."

அது வாஸ்தவம். நம் ஊர் மோட்டார் பாலிசியை எடுத்துப் பார்த்தால், கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். பணம் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்; ஆகையால் யார் பொறுப்பு என்பதைப் பற்றிப் பேசும் உரிமையும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான்.

"அதோட, நம்ம தப்புன்னு ஆயிட்டா என்.ஸி.டி. மொத்தமும் போயிடும்" என்றார்.

இந்த என்.ஸி.டி. என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காமல் கார் ஓட்டினால் அடுத்த வருஷப் பிரீமியத்தில் தள்ளுபடி. நம் நாட்டில் நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து, ஐந்து வருஷத்தில் 50க்குப் போகும். மலேசியாவில் 25இல் ஆரம்பித்து, ஐந்தாம் வருஷம் 55. மாப்பிள்ளை அந்த உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தார். நூறு ரிங்கிட்டுக்கு நாற்பத்தைந்துதான் கட்டினார். தம் பேரில் தவறு என்று ஒரு கிளெய்ம் வந்துவிட்டால் பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி: நேரே கீழே, சைபருக்கு. எதிராளி பேரில் தவறு என்றால் தள்ளுபடிக்கு ஆபத்து இல்லை. ஆறு வருஷ ஒழுக்கத்தின் பலன், மாமனார் ஒரு பூக்கடையைக் கண்டு கூவியதால் போக வேண்டுமா?

"வியாழக்கிழமை கம்பெனியிலேருந்து அட்ஜஸ்டர் வருவார். உங்களையும் கேட்பார். நீங்க முன்னால பாக்கலை, பூக்கடையைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிடுங்க மாமா. அது பொய்யும் இல்லையே!"

அது பொய் இல்லைதான். நான் பூக்கடையைத்தான் பார்த்தேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை முகத்தையும் பார்த்தேன், அவர் ரசித்தாரா என்று தெரிந்துகொள்ள. கதை சொல்கிறவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. அவர் முகம் பூக்கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையனின் காலில் தகடு வைத்திருந்தார்கள். அவன் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தகப்பனார் இல்லை. அந்த அம்மாள் எங்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "வாங்கய்யா, உக்காருங்க" என்றாள். பையன், "நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன் அங்கிள். போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால் போனவன் தன் பங்கைச் சொல்லிவிட்டான். கால் முழுசாக உள்ள நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லாத கணக்கு.

1998ஆம் வருஷம், ஐப்பசி மாதம். தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. ரோடில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு தொடர்கதையின் அத்தியாயம்; அன்று சாயங்காலத்துக்குள் பத்திரிகை ஆபீஸில் சேர்க்க வேண்டும். எதிரே, 1984இல் ஏற்பட்ட ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்டு முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மெப்ஸ் என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். நின்ற பஸ்ஸை இடது பக்கமாக ஒரு வேன் தாண்டியது. ரோடின் ஓரத்திலேயே, மண்ணை ஒட்டி, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரை அடித்துத் தள்ளியது. நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அவர் குறுக்கே வரவில்லை.

போலீஸ்காரர் வந்தார். "யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். நிற்கிற கூட்டம் மெதுவாகக் கரைய ஆரம்பித்தது. ஸ்டேஷன், கோர்ட்டு, வாய்தா, குறுக்கு விசாரணை எல்லாம் எனக்கும் ஒரு கணத்தில் கண் முன் வந்தன. கையில் அத்தியாயம் வேறு இருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இறந்தவருக்கு முப்பத்து நாலு வயது. மாதம் 2,400 ரூபாய் சம்பளம். மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சேலையூரில் இருந்த ஒரு வக்கீல் நண்பர். அவருக்கு அந்தக் கேஸைத் தெரியும். நான் அந்த இடத்தில் நின்றவன் என்பது அவருக்குத் தெரியாது. மோட்டார் விபத்து நஷ்டஈட்டைக் கணக்கிடுவது எப்படி என்று நாவலுக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவரும் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்.

வருஷத்துக்கு 28,800 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, அவர் உயிரோடிருந்தால் தமக்கென்று செலவழித்திருப்பார் என்று கழிக்க வேண்டும். மிச்சம் 19,200. அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்தக் கேஸில் 16. ஆக 3,07,200 ரூபாய். இந்தப் பெருக்கல் எண்களை 2009இல் உச்ச நீதிமன்றம் ஸர்லா வர்மா வழக்கில் ஓர் அட்டவணையாகவே ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. அதிலும் முப்பத்து நாலு வயதுக்கு 16தான்.

"மூணு லட்சம் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"எங்கே கிடைத்தது? சைக்கிள்காரர் திடீர்னு குறுக்கே வந்துட்டார்னு வேன் தரப்பு சொல்லிச்சு. இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. அவர் பேர்லயும் பாதித் தப்புன்னு ஆச்சு. ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து அறுநூறு. அதுவும் மூணு வருஷம் கழிச்சு."

என் வாக்குமூலத்தின் விலை அதுதான்: 1,53,600 ரூபாய். அன்று கொண்டுபோய்க் கொடுத்த அத்தியாயத்துக்கு எனக்குக் கிடைத்த சன்மானம் எவ்வளவு என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை. நம் நாட்டில் 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, ரோடில் போகிற மூன்றாம் மனிதருக்காக வண்டிக்காரர் கட்டாயம் இன்ஷ்யூர் செய்ய வேண்டும் என்ற அத்தியாயம் இருந்தது. 1946 ஜூலை 1ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. வண்டிக்காரர் ஓட்டாண்டியாக இருந்தாலும் அடிபட்டவர் தெருவில் நிற்கக் கூடாது என்பது கருத்து. யார் தவறு என்று பாராமலே ஒரு சிறு தொகை தர வேண்டும் என்ற விதியும் பிறகு வந்தது. 1998இல் அது இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலில் அமலான புதுப் பிரிவில் ஐந்து லட்சம். ஆனால் அதற்கு மேல் கேட்டால், தவறு யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு வேன் பதில் சொல்லாது. சைக்கிள் பதில் சொல்லாது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவன்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல வேண்டியவன் ஏன் ஓடிப்போகிறான் என்பதையும் சட்டம் பின்னால் யோசித்தது. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும், விபத்தில் உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவர் இஷ்டமில்லாமல் சாட்சியாக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தன. நல்ல ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஜனங்கள் பயப்படாமல் இருக்கட்டும். ஆனால் எனக்கு அதில் ஆறுதல் இல்லை. சாட்சி சொல்லாமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்று இன்று சட்டமே சொல்கிறது. சொல்லியிருக்க வேண்டும் என்று வேறு எதுவோ சொல்கிறது.

புதன்கிழமை இரவு என் பெண் பால் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அப்பா, நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"பார்த்ததைச் சொல்லலாம்னு இருக்கேன்."

"அவர் அறிக்கையிலே வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காரே! நீ வந்த இடத்திலே... அவருக்கு எப்படி இருக்கும்?"

"உனக்கு எப்படி இருக்கும்?"

அவள் பதில் சொல்லவில்லை. அவளும் பின் ஸீட்டில் இருந்தவள்தானே? டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். நான் இன்னும் பாலைக் குடிக்கவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

காலையில், அட்ஜஸ்டர் வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையிடம் நானே போனேன். மாமனார் என்ற முறைப்பெல்லாம் இல்லாமல், அந்த ஐப்பசி மாதத்து விஷயத்தைச் சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"தப்பு யாருதுன்னு நான் சொல்லமாட்டேன், மாப்பிள்ளை. அது கம்பெனி பாடு, போலீஸ் பாடு. நீங்க சொன்ன நிபந்தனையை நான் மீறல்லே. ஆனா என்ன நடந்ததுன்னு கேட்டா, நடந்ததை மாத்திச் சொல்லத் தெம்பில்லே. நான்தான் உங்களைப் பார்க்கச் சொன்னேன். அதையும் சொல்லிடறேன்."

"சரி மாமா" என்றார். அந்தச் 'சரி'யில் சம்மதம் இல்லை.

அட்ஜஸ்டர் ஐம்பது வயது மனிதர். தமிழர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. ஒரு காகிதத்தில் ரோடையும் கடையையும் வரையச் சொன்னார். கார் எந்தக் கோட்டுக்குள் இருந்தது, என்ன வேகம், சிக்னல் விளக்குப் போட்டதா, சப்தம் கேட்டபோது யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள்? நான் வர்ணனையாக ஆரம்பித்தேன். மல்லிகை வாசனை, முக்காலி, ஞாயிற்றுக்கிழமை வெயில். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஐயா, நீங்க பார்த்தது மட்டும்" என்றார்.

எந்தப் பத்திரிகாசிரியரும் எனக்கு இத்தனை சுருக்கமாகத் திருத்தம் சொன்னதில்லை.

பார்த்ததை மட்டும் சொன்னேன். ஏழு வரியில் அடங்கிவிட்டது. படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மாமா சொன்னது சரி. நான் ஒரு செகண்ட் திரும்பினேன். போலீஸ் அறிக்கையிலே அதைச் சொல்லலை, அங்கேயும் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். வேடிக்கையாக ஒரு சங்கதி கிடைத்தது. இன்ஷ்யூரன்ஸில் இரு தரப்பும் தமக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பதற்கு உலகமெங்கும் ஆதாரமாகக் காட்டுகிற பழைய தீர்ப்பு 1766இல் லண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு கொடுத்தது. வழக்கு எதைப் பற்றி? கிள்ளானிலிருந்து கடலைத் தாண்டினால் சுமத்ரா. அதன் மேற்குக் கரையில் பெங்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையைப் பற்றி. அந்நியர் பிடித்துவிட்டால் பணம் வேண்டும் என்று கவர்னர் கார்ட்டர் இன்ஷ்யூர் செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பார் பணம் தர மறுத்தார்கள். கவர்னர் மோசம் செய்யவில்லை என்று அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் தீர்ப்பில் சொன்ன நேர்மை விதிதான் நிலைத்தது. பாலிசி எடுக்கும்போது சொல்ல வேண்டியதைப் பற்றிய விதிதான் அது; விபத்துக்குப் பிறகு சொல்ல வேண்டியதைப் பற்றியது அல்ல. இருந்தாலும், ஒருவர் கண்ட உண்மையை மற்றவர் காண முடியாத தூரத்தில் இருக்கிறார், ஆகவே அவர் வாயைத்தான் நம்ப வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. வெகு தொலைவில் இருந்த லண்டன்காரருக்குக் கோட்டைச் சுவர் தெரியாது. கம்பெனிக்காரருக்கு அந்த ஒரு விநாடி தெரியாது.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் தள்ளுபடி சைபருக்குப் போயிற்று. அந்த நஷ்டத்தை நான் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்குக் கிளம்புகிற வரையில் என்னோடு அளவாகத்தான் பேசினார். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், உள்ளே போகிற இடத்தில் நின்று, "அந்த சைக்கிள்காரர் வீட்டுக்காரங்க இப்ப எங்கே இருக்காங்க மாமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. பையனுடைய வேகத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டு மீதி நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்ததாக மறு வருஷம் என் பெண் டெலிபோனில் சொன்னாள். அவன் இப்போது நடக்கிறானாம், கொஞ்சம் சாய்ந்து.

சைக்கிள்காரர் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா? சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில்தான் இருக்கிறாள். பூ விற்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவளிடம்தான் நான் பூ வாங்குகிறேன். பேரம் பேசமாட்டேன். மழைக்காலத்தில் சில்லறை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவேன். இப்படி நாலணாவும் எட்டணாவுமாகக் கடனை அடைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அவளோ என்னை நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மலேசியாவிலிருந்து வந்த நாலாம் நாள் சாயங்காலம் போனேன். மின்சார ரயில் ஒன்று வந்து, கூட்டம் இறங்கிப் போய் ஓய்ந்த நேரம். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். அட்ஜஸ்டரிடம் சொன்ன மாதிரியே, பார்த்ததை மட்டும் சொன்னேன். வேன் பஸ்ஸுக்கு இடது பக்கமாக வந்தது, உன் வீட்டுக்காரர் ஓரத்தில்தான் போனார், குறுக்கே வரவில்லை, போலீஸ்காரர் கேட்டார், நான் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் கை நார் முடிந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "குறுக்கால வர்லயா?" என்றாள்.

"வரலே, அம்மா."

"எம்மாமியார் சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்திச்சு, 'எம்புள்ள பாத்துதான் போவும், எம்புள்ள பாத்துதான் போவும்'னு. யாரும் நம்பல. நானே பாதி நம்பல" என்றாள்.

பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. 1,53,600 என்ற என் கணக்கு அந்தப் படிக்கட்டில் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய தொகை ஒன்று இத்தனை வருஷம் வட்டியோடு என் பேரில் இருந்திருக்கிறது; அதை நான் எழுதிக்கொள்ளவே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம் சார்" என்றாள். பிறகு, "எத்தினி முழம்?" என்றாள்.

"ஒரு முழம்."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரையில் அளந்தாள். வழக்கமாக எனக்கு அளந்த பிறகு நாலு கண்ணி தள்ளித்தான் நறுக்குவாள். அன்று அளந்த இடத்திலேயே நறுக்கினாள். மீதிச் சில்லறையையும் எண்ணிக் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.